சத்தமில்லாத ஆங்கிலேயக் கிராமம் ஒன்று சொல்லுங்களேன் (லண்டனிலிருந்து ஒரே நாளில் போய்வர)

வைகைக்கரை:

ஜூன் மாதம் அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். அரண்மனை, பெரிய மணிக்கூண்டு, ராட்டினம் எல்லாம் போன தடவையே முடிந்துவிட்டது. இந்த முறை அப்பா ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார், "ஒரு கிராமத்தைக் காட்டும்மா." அவர் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் தூணைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு நகர்வார். அம்மாவுக்கு முழங்கால் வலி, மேடு பள்ளம் அதிகம் ஏற முடியாது.

காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் போகலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அங்கே எங்கள் அலுவலகத்திலேயே பாதிப் பேர் போய் ஒரே பாலத்தில் நின்று ஒரே படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். கூட்டம் இல்லாத, நிஜமாகவே பழைய வீடுகள் இருக்கிற, இன்னும் மனிதர்கள் குடியிருக்கிற ஊர் ஏதாவது உண்டா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

கிழக்குச்சாளரம்:

சஃபோக் மாவட்டத்தில் லேவனம். வேறு யோசனையே வேண்டாம்.

லண்டனுக்கு வடகிழக்கே, காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பரி செயின்ட் எட்மண்ட்ஸுக்கும் சட்பரிக்கும் இடையில் இருக்கிறது. சுமார் 1,700 பேர் வாழும் ஊர். அதற்குள் பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடங்கள் 300-க்கும் மேல். அநேகமும் ஓக் மரச்சட்டகத்தில் நிற்கும் வீடுகள். பெரும்பாலானவை 15, 16-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. ஒன்றாவது செங்குத்தாக நிற்கிறதா என்றால் இல்லை. ஒன்று தெருப்பக்கம் சாய்ந்திருக்கும், பக்கத்து வீடு அதன் தோளில் சாய்ந்திருக்கும், மூன்றாவது நடுவில் தொய்ந்திருக்கும். உங்கள் அப்பாவை ஒரு தெருவில் இறக்கிவிட்டால் சாயங்காலம் வரை கூப்பிட வேண்டியிருக்காது.

ஊரின் கதை ரொம்பப் பேருக்குத் தெரியாது. இது ஒரு காலத்தில் கிராமமே இல்லை. 1257-இல் சந்தை நடத்தும் உரிமை பெற்ற ஊர். கம்பளித் துணியால் கொழுத்தது. இங்கே நெய்து, நீலச் சாயம் தோய்த்து அனுப்பிய அகலத் துணி ஐரோப்பா முழுக்கப் போனது. 1524-இல் அரசு வரி வசூலித்தபோது செல்வத்தில் இங்கிலாந்திலேயே பதினான்காவது இடம். யார்க், லிங்கன் மாதிரியான பெரிய நகரங்களைவிட அதிகம் வரி கட்டியது இந்தச் சின்ன ஊர். அந்தப் பணம்தான் இன்று நீங்கள் பார்க்கப்போகும் வீடுகள்.

சந்தைத் திடலில் இருக்கும் கில்ட்ஹாலை முதலில் பாருங்கள். 1530 வாக்கில் கார்ப்பஸ் கிறிஸ்டி என்ற சமயச் சங்கத்தார் கட்டியது. சங்கம் என்றாலும் உள்ளே இருந்தவர்கள் எல்லாம் துணி முதலாளிகள்தான். கட்டி இருபது வருடம்கூட அனுபவிக்கவில்லை, அரசு இப்படிப்பட்ட சங்கங்களையே ஒழித்துவிட்டது. அதன்பின் அந்தக் கட்டடம் ஊர் மண்டபம், சிறை, ஏழைகளை அடைத்து வேலை வாங்கும் விடுதி என்று என்னென்னவோ ஆனது. 1951 முதல் பழங்கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கையில் இருக்கிறது. பின்புறத் தோட்டத்தில் சாயச் செடிகள் வளர்க்கிறார்கள்.

அம்மாவுக்காக ஒன்று: தேவாலயம் ஒரு மேட்டில், சந்தைத் திடல் இன்னொரு மேட்டில், நடுவில் வாட்டர் தெரு பள்ளத்தில். பத்து நிமிட நடைதான், ஆனால் இறங்கி ஏற வேண்டும். அம்மாவைச் சந்தைத் திடலிலேயே இறக்கிவிட்டு நீங்கள் காரை நிறுத்தப் போங்கள்.

டூட்டிங் துரை:

லேவனமா? "கூட்டமில்லாத" என்று கேட்டவரிடம் இதைச் சொல்கிறீர்களே! சனிக்கிழமை மதியம் போய்ப் பாருங்கள். தேநீர்க்கடை வாசலில் வரிசை. அந்த மந்திரவாதிப் பையன் ஹாரி பாட்டர் படத்தின் கதாநாயகன் பிறந்த வீடு என்று ஒரு வீட்டுக் கதவின் முன்னால் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு பிள்ளைகள் நிற்பார்கள். பாவம், அது யாரோ குடியிருக்கும் வீடு. இத்தனைக்கும் நடிகர்கள் யாரும் அங்கே வரவில்லை. தெருவை மட்டும் படம் பிடித்துக்கொண்டு போய்ப் பனியையும் கல்லறைகளையும் கணினியில் ஒட்டினார்கள்.

எனக்கு அந்த ஊரைப் பார்த்தால் யாரோ வண்ணம் பூசி வைத்த சினிமா செட் ஞாபகம்தான் வருகிறது. மின்கம்பம்கூட இல்லை, கவனித்தீர்களா? அதெல்லாம் 1960-களில் வேண்டுமென்றே பூமிக்கடியில் புதைத்தது. அழகுக்காகச் செய்த வேலை. இதை "நிஜமான பழமை" என்று எப்படிச் சொல்வது?

நான் சொல்வது கெர்சி. அங்கிருந்து காரில் கொஞ்ச தூரம்தான். ஒரே தெரு. தெருவின் நடுவில் ஓடை குறுக்கே போகிறது, பாலம் கிடையாது, கார்கள் தண்ணீரில் இறங்கித்தான் ஏறும். நடப்பவர்களுக்கு ஓரத்தில் சின்ன நடைபாதைப் பாலம் உண்டு. மேட்டில் தேவாலயம். ஒரு பப். அவ்வளவுதான் ஊர். வாத்துகள் நடுத்தெருவில் நிற்கும், கார்க்காரர்கள் காத்திருப்பார்கள்.

கிழக்குச்சாளரம்:

துரை அண்ணா, கெர்சி அருமையான ஊர், மறுக்கவில்லை. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பதுதான் சங்கடம். அதோடு தேவாலயத்துக்கு ஏறும் மேட்டை நினைத்தீர்களா? முழங்கால் வலிக்காரரைக் கூட்டிக்கொண்டு அங்கே ஏறுவதா?

செட் என்று சொன்னதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். செட் என்றால் பணம் போட்டுக் கட்டுவது. லேவனம் அப்படியே நின்றதற்குக் காரணம் பணம் தீர்ந்து போனது.

16-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் டச்சு அகதிகள் கோல்செஸ்டரில் குடியேறி லேசான, விலை குறைந்த துணி நெய்ய ஆரம்பித்தார்கள். லேவனத்தின் கனத்த நீலத் துணியை வாங்க ஆளில்லை. முதலாளிகள் போய்விட்டார்கள். பணமுள்ள ஊர்களில் என்ன நடந்தது? 18-ஆம் நூற்றாண்டில் பழைய மர வீடுகளை இடித்தார்கள், அல்லது முன்னால் ஒரு செங்கல் முகப்பை எழுப்பி மறைத்தார்கள். அதுதான் அன்றைய நாகரிகம். லேவனத்தில் அதற்கு வசதியுள்ளவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் மேலே ஒரு பூச்சு பூசிவிட்டு, ஒரு வீட்டை மூன்றாகத் தடுத்து, வாடகைக்கு விட்டு வாழ்ந்தார்கள். அதனால்தான் சட்டகம் தப்பியது.

அந்த ஊரின் வீழ்ச்சிக்கு முன்னாலேயே ஒரு சம்பவம் இருக்கிறது. 1525. எட்டாம் ஹென்றிக்குப் பிரான்சோடு சண்டைபோடப் பணம் தேவை. நாடாளுமன்றத்தைக் கேட்காமலே அவருடைய தலைமை அமைச்சர் கார்டினல் வோல்சி ஒரு வசூல் அறிவித்தார். பொதுமக்கள் சொத்தில் ஆறில் ஒரு பங்கு, மதகுருமார் மூன்றில் ஒரு பங்கு. அதற்கு வைத்த பெயர் "நட்புக் கொடை"! துணி முதலாளிகள் கூலிக்காரர்களைக் கூப்பிட்டு, வரி கட்டினால் உங்களுக்குக் கூலி தர முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். சுற்றுவட்டாரத்திலிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்கள் லேவனத்தில் திரண்டார்கள். நார்ஃபோக் பிரபுவும் சஃபோக் பிரபுவும் படையோடு வந்தார்கள். உங்கள் தலைவன் யார் என்று நார்ஃபோக் கேட்டபோது ஜான் கிரீன் என்ற ஐம்பது வயதுக்காரர் முன்னால் வந்து, எங்கள் தலைவன் பெயர் வறுமை, அவனும் அவன் உறவுக்காரனான நிர்ப்பந்தமும்தான் எங்களை இங்கே கொண்டு வந்தார்கள் என்றாராம். அந்தக் காலத்து வரலாற்றுக் குறிப்பிலேயே இது பதிவாகியிருக்கிறது. கடைசியில் ராஜா வரியைக் கைவிட்டு எல்லோருக்கும் மன்னிப்பும் கொடுக்க வேண்டியதாயிற்று.

அந்தத் தலைவன்தான் அடுத்த முந்நூறு வருடம் இந்த வீடுகளையும் காவல் காத்தான்.

காரைப்பூச்சு:

இழையைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. நான் நார்விச்சில் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் குழுவில் வேலை செய்கிறேன், சுண்ணாம்புதான் என் சோறு. அப்பாவுக்காக எழுதுகிறேன்.

சாய்ந்திருக்கிறதே, விழாதா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அந்தத் தச்சர்கள் ஓக் மரத்தைப் பச்சையாகவே வெட்டிப் பயன்படுத்தினார்கள். காய்ந்துவிட்டால் ஓக்கில் உளி இறங்காது. பச்சையாக இருக்கும்போதே துளை போட்டு, நாக்குச் செதுக்கிக் கோத்து, மரமுளை அடித்து நிறுத்திவிடுவார்கள். இரும்பு ஆணி இல்லை. மரம் வீடாக நின்ற பிறகுதான் காயத் தொடங்கும். காயும்போது முறுக்கும், வளையும், ஆனால் முளையடித்த இணைப்பு இன்னும் இறுகும். அந்தக் கோணல்களில் பாதி முதல் சில வருடங்களிலேயே வந்திருக்கும். மற்றது பின்னால் யாரோ ஒரு தாங்குமரத்தை வெட்டிக் கதவு வைத்த வேலை.

சட்டகத்தைத் தச்சர் தன் பட்டறையில் தரையில் படுக்க வைத்துக் கோத்துப் பார்ப்பார். சரியாக இருந்தால் ஒவ்வொரு இணைப்பிலும் ஜோடி ஜோடியாக எண் கீறி, பிரித்து வண்டியில் ஏற்றி, கட்டுமிடத்தில் மறுபடி கோப்பார். ரோமன் எண்கள் மாதிரி இருக்கும் அந்தக் கீறல்கள் இன்றும் தெரியும்.

இடைவெளியில் என்ன இருக்கிறது? வரிச்சு கட்டி மண் அப்பியதுதான். ஹேசல் குச்சிகளைப் பின்னி, களிமண், வைக்கோல், சாணம் குழைத்து இருபக்கமும் அப்பி, மேலே சுண்ணாம்பு. செங்குத்து மரங்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று பாருங்கள். நெருக்கம் கட்டடத்தின் பலத்துக்காக அல்ல. அந்த அளவு மரம் தேவையே இல்லை. "எனக்கு இவ்வளவு ஓக் வாங்க முடியும்" என்று தெருவுக்குச் சொல்வது. கில்ட்ஹாலில் அந்தப் பெருமையை நன்றாகப் பார்க்கலாம்.

மேல்மாடி தெருப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்பதற்கும் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். வரி தப்பிக்க, மழைநீர் சுவரில் படாமல் இருக்க என்றெல்லாம். எனக்குத் தோன்றுவது, அதுவும் பெரும்பாலும் பகட்டுதான். மூலை வீடுகளில் இரண்டு பக்கமும் துருத்தியிருந்தால், உள்ளே மூலைவிட்டமாக ஒரு பெரிய உத்தரம் போகும். அதைத் தாங்கும் மூலைத்தூணின் தலையில் செதுக்கு வேலை இருக்கும். கில்ட்ஹாலின் மூலையை நிமிர்ந்து பாருங்கள்.

ஒரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்து மர வீடு என்றால் கறுப்பு மரம், வெள்ளைச் சுவர் என்று எல்லோர் மனத்திலும் பதிந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் அது மரபே இல்லை. மரத்துக்குத் தார்க்கறுப்பு அடிப்பதைப் பரப்பியது விக்டோரியா காலத்து ரசனை. லேவனத்தில் மரத்தை வெள்ளிச் சாம்பல் நிறத்தில் அப்படியே விட்டிருப்பார்கள், அல்லது மரம் சுவர் இரண்டின் மேலும் சேர்த்தே சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். சுவர்கள் காவி, மஞ்சள், சஃபோக் ரோஜா நிறம். அந்த ரோஜா நிறம் மாட்டு ரத்தம் கலந்தது என்று வழிகாட்டிகள் ஆசையாகச் சொல்வார்கள். பிள்ளைகளுக்குக் கதை சொல்ல நல்லது. எங்கள் வாளியில் செம்மண் நிறமிதான்.

சிமெண்ட் பற்றிப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும். 20-ஆம் நூற்றாண்டில் இந்தச் சுவர்களில் சிமெண்ட் பூசியவர்கள் செய்த கேட்டைத்தான் நாங்கள் இன்னும் உரித்துக்கொண்டிருக்கிறோம். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் உள்ளேயே பூட்டிவைக்கும். வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே ஓக் சட்டகத்தின் அடிமரம் விரலால் குத்தினால் பொடியாக உதிரும்.

டூட்டிங் துரை:

காரைப்பூச்சு ஐயா, இப்படி எழுதினால் நானே மறுபடி போய்விடுவேன் போலிருக்கிறதே. செட் என்ற சொல்லைப் பாதி திரும்பப் பெறுகிறேன். மின்கம்பிப் பாதி அப்படியே இருக்கட்டும்.

பனங்கூடல்:

வணக்கம். நான் கோல்செஸ்டரிலை இருக்கிறன். நாங்கள் பிள்ளையளோட லேவனம் போனனாங்கள், நல்ல ஊர்தான். ஆனா கிழக்குச்சாளரம் "வறுமை காவல் காத்தது" எண்டு எழுதினதைப் படிக்கேக்கை எனக்குக் கொஞ்சம் குத்திச்சுது.

கில்ட்ஹாலுக்குள்ளை ஏழையளை வைச்சு வேலை வாங்கின காலத்தைப் பற்றியும் காட்சி வைச்சிருக்கினம். நாங்கள் வெளியாலை நிண்டு "ஆகா, என்ன வடிவான வீடு" எண்டு படம் எடுக்கிற அதே கட்டடம். பின் தோட்டத்துக்கை ஊர்ச் சிறைக்கூடும் பிணவறையும் இருக்கு, சின்னஞ்சிறிய அறையள். என்ரை மகன் சிறைக்குள்ளை போய் நிண்டு கதவைச் சாத்தச் சொன்னான், அரை நிமிசத்திலை திறக்கச் சொல்லிக் கத்தினான்.

ஊர் செழிப்பா இருந்த காலத்திலையும் அந்தச் செழிப்பு ஆற்றை? ஒரு தறிக்கு நூல் குடுக்கிறதுக்குப் பல பேர் நூற்க வேணும். அதைச் செய்தது சுற்றுக் கிராமத்துப் பொம்பிளையள், வீட்டிலை இருந்து, கூலிக்கு. முதலாளி கம்பளியைக் குடுப்பார், நூலை வாங்குவார், அதை நெசவாளியட்டைக் குடுப்பார், துணியை வாங்குவார். பிறகு ஆலையிலை தண்ணியிலை போட்டு இடிச்சு இறுக்கி, முள்ளுக்கதிராலை மயிர் எழுப்பி, பெரிய கத்தரியாலை வெட்டிச் சமப்படுத்துறது. ஒவ்வொரு படியிலையும் பொருள் முதலாளியின்ரை, கை மட்டும்தான் இவையின்ரை. அவையின்ரை வீடுகள் எங்கை? ஒண்டும் மிஞ்சேல்லை. நாங்கள் பார்க்கிறது வாங்கினவையின்ரை வீடு.

தேவாலயத்திலையும் உதே கதைதான். 141 அடிக் கோபுரம், ஊருக்குச் சம்பந்தமே இல்லாத உயரம். 13-ஆவது ஆக்ஸ்ஃபோர்ட் பிரபு ஜான் டி வேர் ஒரு பக்கம், துணி முதலாளி ஸ்ப்ரிங் குடும்பம் மறுபக்கம், சேர்ந்து காசு போட்டுக் கட்டினது. கோபுரத்தைச் சுத்திப் பாருங்கோ, டி வேரின்ரை நட்சத்திரம், ஸ்ப்ரிங்கின்ரை அடையாளம், கல்லிலை மாறி மாறிச் செதுக்கியிருக்கும். சாமிக்குக் கட்டினதோ தங்களுக்குக் கட்டினதோ தெரியேல்லை. மூன்றாவது தாமஸ் ஸ்ப்ரிங் 1523-இல் செத்தவர். அவருக்கெண்டு உள்ளை ஒரு மரக்கூடு இருக்கு, செதுக்கு வேலையைப் பார்த்தால் மூச்சு நிக்கும். அதைச் செதுக்கின ஆளின்ரை பெயர் அங்கை எழுதியில்லை.

பலிபீடத்துக்குப் பக்கத்திலை தரையிலை ஒரு சின்னப் பித்தளைத் தகடு பதிச்சிருக்கினம், 1631 ஆம் ஆண்டு. துணியாலை இறுக்கிச் சுத்தின பச்சைக் குழந்தை. உது மட்டும் பணம் எண்டு சொல்ல மனம் வரேல்லை.

கிழக்குச்சாளரம்:

பனங்கூடல் அக்கா, நீங்கள் சொல்வது நியாயம். நான் வறுமையைப் புகழவில்லை. ஆனால் அந்த வரி அப்படித்தான் ஒலிக்கிறது, பார்த்தேன்.

ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். துணி போன பிறகும் ஊர் சும்மா இருக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் குதிரை முடி நெய்தார்கள், தேங்காய் நாரில் மிதியடிப் பாய் நெய்தார்கள். தென்னையே இல்லாத நாட்டில் தேங்காய் நார்! 1860-களின் கடைசியில் இங்கிலாந்தின் முதல் பீட்ரூட் சர்க்கரை ஆலைகளில் ஒன்று இங்கேதான் வந்தது, சில வருடத்தில் மூடியும் போனது. கூலிக்காரர்களின் ஊர் அது. சுற்றுலாப் பலகைகளில் இந்தப் பகுதி சின்ன எழுத்தில்தான் இருக்கும்.

நூலாம்படை:

இழைக்குச் சற்று வெளியே: அந்த லேவனம் நீலம் வோட் என்ற செடியின் இலையை அரைத்துப் புளிக்கவைத்து எடுத்தது. சாயத்தொட்டி நாற்றம் தாங்காது, மூத்திரமும் சேர்ப்பார்கள். பின்னால் நம் பக்கத்து அவுரி நீலம் கப்பல் ஏறி வந்தது. அதே சாயப்பொருள்தான், ஆனால் செறிவு பல மடங்கு. வோட் வளர்த்தவர்கள் அவுரியைத் தடைசெய்யச் சொல்லி ஐரோப்பாவின் பல இடங்களில் சட்டம்கூடப் போட வைத்தார்கள். நிற்கவில்லை. வீட்டில் அவுரித்தைலம் தடவிக்கொண்டிருக்கும் அம்மாவிடம் சொல்லுங்கள், அந்தத் தோட்டத்தில் வோட் செடியைக் காட்டும்போது.

வைகைக்கரை:

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி! அப்பாவுக்கு அனுப்பினேன். "சிமெண்ட் பற்றி எழுதியவர் யார், அவர் நம்பர் வேண்டும்" என்கிறார்.

ஒரு தயக்கம். கேட்கலாமா என்று தெரியவில்லை. அம்மா புடவையில்தான் வருவார். அந்த மாதிரிச் சின்ன ஊரில் நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார்களா? லண்டனில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பனங்கூடல்:

பார்ப்பினம். நான் பொய் சொல்லேல்லை. பப்புக்குள்ளை நாங்கள் நுழைஞ்சவுடனை ஒருக்கா எல்லாத் தலையும் திரும்பிச்சுது. பிறகு தங்கடை பாட்டிலை இருந்திட்டினம். ஊரிலை புது ஆள் வந்தால் எங்கடை ஆக்கள் பார்க்கேல்லையோ? தெருவிலை எதிர்ப்படுறவைக்கு நீங்கள் முதலே ஒரு "மார்னிங்" சொல்லிப்போடுங்கோ. லண்டனிலை அது விசர் வேலை, அங்கை அது சொல்லாட்டிக்குத்தான் வித்தியாசம். தேவாலயத்திலை பூ வைச்சுக்கொண்டிருந்த ஒரு கிழவி என்ரை மாமியின்ரை சேலைக் கரையைப் பிடிச்சுப் பார்த்து, கையாலை நெய்ததோ எண்டு கேட்டா. ரெண்டு பேரும் அரை மணித்தியாலம் நிண்டு கதைச்சவை, மாமிக்கு இங்கிலீஷ் மட்டுமட்டு.

டூட்டிங் துரை:

நல்ல அனுபவம் என் பங்குக்கும் உண்டு, ஆனால் எல்லோருக்கும் அப்படியே அமையும் என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். வேறு ஒரு கிராமத்தில், பெயர் வேண்டாம், நான் ஒரு வீட்டுக் கூரையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது என்ன வேலையாக நிற்கிறாய் என்று ஒருவர் வந்து விசாரித்தார். பக்கத்தில் அதையே செய்துகொண்டிருந்த வெள்ளைக்காரத் தம்பதியரை விசாரிக்கவில்லை. வைக்கோல் கூரையா நாணல் கூரையா என்று நான் திருப்பிக் கேட்டதும் அவர் அதைப் பற்றியே பேச ஆரம்பித்துவிட்டார். வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இதற்காகப் போகாமல் இருக்க வேண்டாம். ஜன்னல்களுக்குள் மட்டும் எட்டிப் பார்க்காதீர்கள், அது எந்த நிறத்தவர் செய்தாலும் அங்கே கோபம் வரும். தெருவை ஒட்டியே ஜன்னல், உள்ளே சோபாவில் ஆள் உட்கார்ந்திருப்பார்.

காரைப்பூச்சு:

அந்த ஜன்னலுக்குள் உட்கார்ந்திருப்பவர் பாடும் கொஞ்சம் சிரமம்தான். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால் ஜன்னல் மாற்ற அனுமதி, உள்ளே ஒரு தடுப்பை எடுக்க அனுமதி. அனுமதியில்லாமல் செய்தால் குற்றம், உரிமையாளர் மாறினாலும் பழையபடி ஆக்கச் சொல்வார்கள். குளிர்காலத்தில் வெப்பம் நிற்காது. தலை இடிக்கும். பந்தை வைத்தால் தானாக அறையின் மறுகோடிக்கு உருண்டு போகும் தரை. இதையெல்லாம் தாங்கக்கூடிய வருமானம் உள்ளவர்கள்தான் இன்று அந்த வீடுகளை வாங்குகிறார்கள். நிறைய வீடுகள் விடுமுறை வாடகைக்கு. துரை அண்ணன் செட் என்று சொன்னதன் நியாயம் எனக்கு அங்கேதான் தெரிகிறது. கட்டடம் பழசு, குடியிருப்பு புதுசு. நவம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை வேலை முடித்து வரும்போது எத்தனை ஜன்னல்களில் விளக்கு எரிகிறது என்று பார்த்தால் புரியும்.

ஆனாலும் ஊர்க்காரர்கள் சண்டை போட்டுத்தான் இதெல்லாம் மிஞ்சியது, அதையும் சொல்ல வேண்டும். 1464-இல் கட்டிய வுல் ஹால் என்ற மண்டபத்தை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்து, மரங்களை ஆஸ்கட்டுக்கு ஏற்றிக்கொண்டே போய்விட்டார்கள், அங்கே வேறொருவருக்காக மறுபடி கட்ட. ஊரில் எதிர்ப்பு கிளம்பி, மரங்கள் திரும்பி வந்து, அதே இடத்தில் கோக்கப்பட்டன. எண் கீறி வைத்ததன் பலன் பாருங்கள். இன்று அது ஸ்வான் ஹோட்டலின் ஒரு பகுதி. அந்த ஹோட்டலின் மதுக்கூடச் சுவரில், இரண்டாம் உலகப் போரில் பக்கத்து விமானதளத்தில் இருந்த அமெரிக்க விமானிகள் போட்ட கையெழுத்துகளைக் கண்ணாடி போட்டு வைத்திருக்கிறார்கள். 1944-45-இல் எழுதியது. அதில் எத்தனை பேர் திரும்பி வந்தார்களோ.

வைகைக்கரை:

சரி, முடிவு செய்துவிட்டேன். லேவனம், வாரநாளில். நேரமிருந்தால் திரும்பும் வழியில் கெர்சி, துரை அண்ணனுக்காக. காரைத்தான் எடுக்க வேண்டுமா, ரயில் கிடையாதா? சாப்பாடு? அம்மா முட்டையும் தொட மாட்டார்.

கிழக்குச்சாளரம்:

ஊருக்கு ரயில் இருந்தது, 1961-இல் பயணிகள் வண்டியை நிறுத்திவிட்டார்கள். தண்டவாளம் போன பாதையில் இப்போது நடக்கலாம், லாங் மெல்ஃபர்ட் பக்கமாகப் போகும், சமதரை. அம்மாவுக்கு நடக்க ஆசை வந்தால் கொஞ்ச தூரம் அதில் கூட்டிப் போங்கள். இன்று ரயிலில் வருவதென்றால் லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில் ஏறி, மார்க்ஸ் டேயில் மாறி, சட்பரியில் இறங்கிப் பேருந்து. வாரநாளில் சரிப்படும். ஞாயிறு பேருந்தை நம்பி வயதானவர்களை அழைத்துப் போகாதீர்கள்.

சாப்பாடு விஷயத்தில் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். பப்களில் சைவம் ஒன்றிரண்டு இருக்கும், முட்டை இல்லாமல் என்று கேட்டால் வேகவைத்த உருளைக்கிழங்குதான் மிஞ்சும். அங்கே தேநீரோடு வரும் ஸ்கோன் என்ற சின்ன ரொட்டியில்கூட முட்டை சேர்ப்பவர்கள் உண்டு, கேட்டு வாங்குங்கள். புளியோதரை கட்டிக்கொண்டு போவது உத்தமம். தேவாலயத்துக்கு வெளியே பெஞ்சு இருக்கிறது.

பனங்கூடல்:

ஜூன் மாசம் எண்டால் 21-ஆம் திகதியை ஒட்டிப் போகப் பாருங்கோ. அந்தக் கோபுரத்திலை 1625-இல் கோல்செஸ்டர் மைல்ஸ் கிரே வார்த்த பெரிய மணி இருக்கு. எங்கடை ஊர் ஆள் வார்த்தது எண்டு எனக்கொரு புளுகம்! இங்கிலாந்திலையே நாதம் நல்ல மணி எண்டு சொல்லுவினம். அதின்ரை பிறந்தநாளுக்கு வருசா வருசம் மணியடிக்கிறது வழக்கம். நாள் நேரத்தைத் தேவாலயத்திலை முன்கூட்டியே கேட்டு வையுங்கோ.

டூட்டிங் துரை:

அமைதியான ஊர் வேண்டுமென்று கேட்டவரை மணியடிக்கிற நாளாகப் பார்த்து அனுப்புகிறீர்கள். நல்ல கூத்து.

வைகைக்கரை:

:) அப்பாவின் கடைசிக் கேள்வி, அப்படியே தட்டச்சு செய்கிறேன்: "அந்தத் தச்சர் எண் கீறிய இணைப்பைக் கையால் தொட்டுப் பார்க்க முடியுமா, அல்லது கயிறு கட்டித் தூரத்தில் நிறுத்திவிடுவார்களா?"

காரைப்பூச்சு:

சந்தைத் திடலிலேயே லிட்டில் ஹால் என்று காவி மஞ்சள் நிற வீடு இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய வீடு. கேயர்-ஆண்டர்சன் என்ற இரட்டைச் சகோதரர்கள் வாங்கிப் பழுதுபார்த்து வாழ்ந்தது. பிரிட்டிஷ் மியூசியத்தில் அந்தப் பிரபலமான எகிப்தியப் பூனை இருக்கிறதே, அது அவர்களில் ஒருவர் கொடுத்தது. அதன் நகல் இங்கே உட்கார்ந்திருக்கும். அருங்காட்சியகம் மாதிரி இல்லாமல் வீடு மாதிரியே வைத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் தன்னார்வலர்களிடம் அப்பா கட்டடத்தில் வேலை பார்த்தவர் என்று சொல்லுங்கள், இணைப்புகள் எங்கே தெரியும் என்று அவர்களே கூட்டிப்போய்க் காட்டுவார்கள். தொடுவதற்கு முன் கேட்டுக்கொள்ளட்டும். கூரைக்கு அடியில் உத்தரங்களைப் பார்க்கக் கைவிளக்கு ஒன்று கொண்டு போகச் சொல்லுங்கள், போன் வெளிச்சம் போதாது. எல்லா நாளும் திறக்க மாட்டார்கள், குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். நாளைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

அப்பாவிடம் என் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். சிமெண்ட் பற்றி மட்டும் காலை ஏழு மணிக்கு முன்னால் போன் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.